மயிலின் கழுத்துக்குப் பன்னிரண்டு அட்டை

இன்று காலையில் மைதா பசை காய்ச்சினேன். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பழைய அகராதியின் முதுகு பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது, கோந்துப் புட்டி காய்ந்து கல்லாகிக் கிடந்தது, கடைக்குப் போகச் சோம்பல். ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டினேன். மாவு வெந்து வழவழவென்று திரளும்போது ஒரு வாசனை வரும், உனக்குத் தெரியும். அது மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. பசை அடிப்பிடித்துத் தீய்ந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அடுக்களைக்கும் வாசலுக்குமாக நாலு நடை நடந்தேன். பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

ஏட்டி, நீ போய் நாற்பது நாள் ஆகிறது. இந்த நாற்பது நாளும் நான் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு வாய் காப்பியை முழுசாகக் குடித்ததில்லை. உன் அம்மா என்னைப் பற்றிச் சொல்வார்களே, "இவ காலுல வெந்நியக் கொட்டிக்கிட்டே பொறந்திருக்கா" என்று, அது இப்போதுதான் உண்மையிலும் உண்மையாகியிருக்கிறது. உனக்கு ஒரு கடிதம் எழுதினால் அடங்குமோ என்று பார்க்கிறேன். அடங்காது என்றும் தெரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்த பங்குனி அது. வகுப்பில் எல்லாரும் ஆட்டோகிராஃப் நோட்டு வாங்கி, "என்னை மறவாதே" என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எழுதுகிறவளே அடுத்த நிமிடம் மறந்துவிடுகிற ஒன்றை எதற்கு எழுத வேண்டும்? நம் கூட்டத்தில் எட்டுப் பேர். மற்ற ஆறு பேருக்கும் நம் கையால் வாழ்த்து செய்து கொடுப்போம் என்று நான்தான் அறிவித்தேன். அறிவிப்பது என் வேலை, செய்வது உன் வேலை என்பது ஆறாம் வகுப்பிலிருந்தே நமக்குள் இருந்த ஒப்பந்தம். பொங்கல் வாழ்த்துகளையும் அப்படித்தானே செய்தோம். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து, மஞ்சள் தடவிய மூலைகளை வெட்டி எறிந்துவிட்டு, உள்பக்கத்தில் கரும்பும் பானையும் வரைந்து அனுப்பினோம்.

ஆனால் பங்குனியில் கல்யாணம் ஏது? வீட்டில் இருந்த பத்திரிகைகள் எல்லாம் பொங்கலுக்கே தீர்ந்துபோயிருந்தன. கெட்டியான அட்டைக்கு எங்கே போவது என்று உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் சுவரில் ஆணியில் தொங்கிய கட்டு என் கண்ணில் பட்டது. நீளநீளமான அட்டைகள், உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாகத் துளைகள், ஒன்றோடொன்று நூலால் கோத்து மடிந்து தொங்கின. மேலே விரல் கனத்துக்குத் தூசி.

"அது டிசைன் அட்டைட்டி. அப்பா தறிக்கு மேல மாட்டுவாகல்லா, அது" என்றாய்.

"இதுதான் தூசி அடைஞ்சு கெடக்கே. பழசு."

"இருக்கட்டும். அப்பா சாப்பிட்டு எந்திரிக்கட்டும், ஒரு வார்த்த கேட்டுட்டு எடுப்போம்" என்று சொல்லிவிட்டு, தறியின் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியில் கொஞ்சம் பசைக்கு எடுத்து வர நீ புறவாசலுக்குப் போனாய். உன் அப்பா சாப்பிட்டு முடித்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "என்ன மக்கா, பரீச்ச எப்பிடி?" என்று என்னிடம் கேட்டார். "நல்லா எழுதியிருக்கேன் மாமா" என்றேன். அவ்வளவுதான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது, கேட்டால் மாட்டேன் என்பார் என்று விழுங்கிவிட்டேன். நீ கஞ்சிக் கிண்ணத்தோடு திரும்பி வந்தபோது, "கேட்டுட்டேன். எடுத்துக்கிடச் சொன்னாக" என்றேன். சொல்லும்போதே கத்திரிக்கோல் என் கையில் இருந்தது. கட்டின் நடுவில் நூலை அறுத்துப் பன்னிரண்டு அட்டைகளை உருவினேன். ஓரத்தில் எடுத்திருந்தாலும் பரவாயில்லை. நடுவில்தான் அழுக்கில்லாமல் இருந்தது.

அந்த மூன்று மத்தியானங்களும் நீ செய்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. இரண்டிரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதுகில் துணி ஒட்டி மடக்கினாய். துளைகளுக்குப் பின்னால் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித்தாள் ஒட்டினாய். சன்னல் பக்கம் பிடித்தால் ஒவ்வொரு துளையும் ஒரு சின்ன விளக்காக எரிந்தது. தறியில் மிஞ்சிய நூலில் குஞ்சம் கட்டினாய். ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் மையால் ஒரு எண் எழுதியிருந்தது. அது அசிங்கமாகத் தெரிகிறது என்று நான் குற்றம் சொன்னேன். "இருந்துட்டுப் போவட்டுமே" என்றாய். நான் கேட்கவில்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கீறி எல்லா எண்களின் மேலும் ஒட்டினேன். மொத்த வேலையில் நான் என் கையால் செய்தது அந்த ஒன்றுதான்.

கடைசிப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூட வாசலில் கொடுத்தோம். ஆறு பேரும் ஆட்டோகிராஃப் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாழ்த்தைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள். நான் பெருமையில் பூரித்துப்போய், எல்லாம் என் யோசனை என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். நீ பக்கத்தில் சும்மா நின்றாய்.

சித்திரை பாதியில் உன் வீட்டுக்கு ஒரு வேலை வந்தது. ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், இரண்டு வருடத்துக்கு முன்னால் நெய்த மயில் முந்தியே வேண்டும், வைகாசிக் கல்யாணத்துக்குப் பத்துச் சேலை என்று ஆள் அனுப்பியிருந்தார். உன் அப்பா சந்தோஷமாக ஆணியிலிருந்து கட்டை இறக்கினார். நான் அப்போது உன் வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார். ஒரு தடவை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஏட்டி, இத யாரு தொட்டா?"

"ஒங்ககிட்ட கேட்டுத்தானப்பா..." என்று நீ ஆரம்பித்தாய்.

"எங்கிட்ட யாரு கேட்டா?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஒரே பார்வைதான். அந்தப் பார்வையில் உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பதை நான் பார்த்தேன், உன் முகம் வெளுத்ததையும் பார்த்தேன். பிறகு நீ அவர் பக்கம் திரும்பினாய். "கேக்கணும்னுதான்பா இருந்தேன். கேக்கல. நாந்தான் அறுத்தேன்" என்றாய்.

அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேன் என்று பின்னால் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊடை நூல் ஒரு தடவை குறுக்கே ஓடுவதற்கு ஓர் அட்டை, துளை இருக்கிற இடத்தில் நூல் எழும்பும், இல்லாத இடத்தில் படுத்துக்கிடக்கும், அப்படி வரி வரியாகச் சேர்ந்துதான் மயில் வரும் என்பதை அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன். நாம் எடுத்த பன்னிரண்டும் மயிலின் கழுத்து. அது இல்லாமல் நெய்தால் உடம்பின் மேல் தலை உட்கார்ந்திருக்கும். மதுரைக்குக் கொண்டுபோய்ப் புதிதாகத் துளை போட்டு வாங்க ஒரு மாதம் ஆகும். கல்யாணம் காத்திருக்காது.

"தறிவீட்டுல பொறந்த புள்ள. பத்து வருசம் படிச்சு, இது எதுக்குத் தொங்குதுன்னு தெரியல. மேக்கொண்டு படிச்சு என்னத்துக்கு? போதும்" என்றார்.

உன் அம்மாதான் குறுக்கே வந்தார்கள். "குடுத்தவகிட்ட போயி வாங்கிட்டு வருவா. நீங்க செத்த பொறுங்க." அவர் அட்டைகளை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "பாவு தறியில ஏற நாலு நாளு ஆவும். அதுக்குள்ள பன்னெண்டும் வந்து சேந்தா பள்ளிக்கூடத்தப் பத்திப் பேசுவோம்" என்றார்.

டவுனுக்குள் இருந்த நான்கு பேரிடம் அன்று சாயங்காலத்துக்குள் வாங்கிவிட்டோம். அதில் ஒருத்தியின் அம்மா, "குடுத்த கையி திருப்பி வாங்கலாமாட்டி?" என்று தெருவே கேட்கக் கேட்டார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் அத்த" என்றாய். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ராயகிரி பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. "நான் மாமாகிட்ட போயி உண்மையச் சொல்லிருதேன்" என்றேன்.

"சொல்லாத. ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ஒன்னையப் பிளஸ் ஒன்னுல சேக்கவா செய்வாக? எங்க வீட்டுப் படியும் நீ ஏற முடியாது. பன்னெண்டும் கெடச்சிட்டா எல்லாம் சரியாயிரும்லா. பேசாம வா."

நான் பேசாமல் வந்தேன். எவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டேன் என்பதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம் எதற்கெல்லாமோ வந்தது, வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மட்டும் வரவில்லை.

ராயகிரித் தோழி நம் வாழ்த்தைச் சாமி படங்களுக்கு நடுவில் வைத்துச் சந்தனப் பொட்டே வைத்துவிட்டிருந்தாள். விளக்குக்கு முன்னால் வைத்தால் துளையெல்லாம் எரிகிறதாம். அவள் அம்மா எடுக்க விடவில்லை. "சாமிக்கு வச்சத வெறுங்கையா எடுக்கக்கூடாது தாயி" என்றார்கள். நான் வாதாடத் தொடங்கினேன். நீ எழுந்து வெளியே போனாய். கிணற்றடியில் கால் கை கழுவி, செம்பருத்திப் பூ ஏழெட்டுப் பறித்து வந்து, வாழ்த்து இருந்த இடத்தில் அடுக்கி வைத்துக் கும்பிட்டாய். பிறகு கேட்டாய். அந்த அம்மா தானே எடுத்து உன் கையில் கொடுத்தார்கள்.

கடைசி ஒன்று இளையரசனேந்தலில் இருந்தது. மூன்றாம் நாள் போனோம். அதை வாங்கியிருந்தவள் வீட்டில் இல்லை, ஆடு பத்திக்கொண்டு போயிருந்தாள். மழை பார்த்துக் கிடந்த கரிசல் காட்டில் வெயிலில் நடந்து அவளைக் கண்டுபிடித்தோம். நாம் கேட்டதும், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் மடியில் இருந்த ஆட்டோகிராஃப் நோட்டைப் பிரித்து அதற்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான், "வேற ஒண்ணு செஞ்சு தருவியளா?" என்றாள். "கட்டாயம்" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். செய்து அனுப்பியது நீ. அதுவும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் பன்னிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு நீ சன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாய். "பிளஸ் ஒன்னுல கணக்குக் குரூப்தான்ட்டி எடுப்பேன். அப்புறம் காலேசு. நம்ம பள்ளிக்கூடத்துக்கே கணக்கு டீச்சரா வருவேன், நீ பாரு" என்றாய். பஸ் இரைச்சலில் கொஞ்சம் கத்தித்தான் சொன்னாய். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் கண்ணாடித்தாளை உரித்தோம். துளைகளில் அடைத்திருந்த பசையை நீ ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தாய். உன் அப்பா வந்து பார்த்தார். முகம் தெளிந்தது. பிறகு ஒரு அட்டையைத் திருப்பி, "நம்பர எங்க?" என்றார். நான் வெள்ளித்தாளை உரித்தேன். பசையோடு மையும் சேர்ந்து உரிந்து வந்தது. ஒன்றுக்கு இல்லை, பன்னிரண்டுக்கும். கழுத்தின் பன்னிரண்டு வரிகளில் எது மேலே எது கீழே என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. முதலாளி மறுநாள் தறியைப் பார்க்க வருகிறார். உன் அப்பா அட்டைகளைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

நான் அழுதேன். நீ அழவில்லை. பன்னிரண்டையும் தரையில் பரப்பிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். கட்டுக்குள் இருந்த முன் அட்டையையும் பின் அட்டையையும் இரண்டு கோடியிலும் வைத்தாய். ஒன்றன் துளைகளுக்கு நேராக இன்னொன்றை வைத்துப் பார்ப்பாய், எடுப்பாய், வேறொன்றை வைப்பாய். "கழுத்து வளையணும்னா துள ஒண்ணொண்ணா எடது பக்கம் நவரும்லா" என்று உனக்குள் முணுமுணுத்தாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெயில் முற்றத்தில் இறங்கி மறுபக்கம் போவதற்குள் நீ பன்னிரண்டையும் வரிசையாக்கி, பென்சிலால் எண் போட்டு, உன் அப்பாவைப் போய் எழுப்பினாய்.

அவர் நம்பாமல்தான் கோத்தார். மறுநாள் காலை தறியில் மாட்டி நெய்தபோது மயிலின் கழுத்து வளைந்து நின்றது, ஒரு நூல் பிசகவில்லை. அவர் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "எங்கனட்டி படிச்ச இத?" என்றார். "பாத்துக்கிட்டேதான இருக்கேன்" என்றாய். அவர் கண் கலங்கியது. நான் நினைத்தேன், தப்பித்தோம் என்று. ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி ஒரு களைப்பும் சந்தோஷமும் எனக்கு.

எவ்வளவு பெரிய மடச்சி நான். கெட்டுப்போயிருந்தால் ஒரு மாதம் திட்டிவிட்டு உன்னை அனுப்பியிருப்பாரோ என்னவோ. நீ சரியாக்கியதுதான் வினையாயிற்று. இந்தக் கையையும் கண்ணையும் பள்ளிக்கூடத்துக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. மாட்டேன் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. "இந்த முகூர்த்தம் முடியட்டும்" என்றார். முடிந்தது. "ஆடித்தபசுத் திருவிழா கழியட்டும்" என்றார். அதற்குள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கை முடிந்துவிட்டது. நான் புதுத் தாவணி கட்டிக்கொண்டு பிளஸ் ஒன்னுக்குப் போனேன். உன் தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிடம். தறிச்சத்தம் கேட்கும் என்று சந்தை வழியாகச் சுற்றிப் போனேன். அந்த ஜூன் மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், உன் அப்பாவிடம் போய், "மாமா, அன்னைக்கு அறுத்தது நான். அவ மேல தப்பே இல்ல" என்று சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை உன் வாசல் வரை வந்தேன். செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனேன்.

பிறகு நடந்ததெல்லாம் உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். நான் பாங்கு வேலையில் சேர்ந்து திருநெல்வேலிக்கு வந்தேன். புளியங்குடியிலிருந்தும் கரிவலத்திலிருந்தும் உன்னைத் தேடி அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணாச்சிமார் எல்லாம் உன் வீட்டுக் கூடத்தில் கைகட்டி நின்று, "அக்கா, இந்த அன்னத்துக்கு மூக்கு சரியா வரல, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். உனக்கு ஒரு குறையும் இல்லை என்று அப்போதெல்லாம் மனசைத் தட்டிக்கொடுத்துக்கொள்வேன். உன் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். சொல்ல வேண்டிய ஆளே இல்லாமல் போனது.

இந்தத் தை மாதம் உன்னைப் பார்க்க வந்தேனே. கால் வீங்கி, கட்டிலில் தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தாய். மருந்து பற்றிப் பேசினோம், சிறுநீரகம் பற்றிப் பேசினோம், மருமகள் வைக்கும் குழம்பு பற்றிப் பேசினோம். எழுந்திருக்கப் போகும்போது என் வாயிலிருந்து வந்துவிட்டது. "மாமாகிட்ட நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்ட்டி."

எதை என்று நீ கேட்கவில்லை. சிரித்தாய். "இன்னுமா அதையச் சொமக்க? சவத்த விடு. எனக்குப் படிக்கவே பிடிக்கலட்டி. அன்னைக்கு அந்தத் துளையப் பாத்துப் பாத்து அடுக்குனன்லா, அப்பமே தெரிஞ்சு போச்சு, இதான் நமக்குன்னு. பள்ளிக்கூடம் போயிருந்தா நான் பாழாப் போயிருப்பேன்" என்றாய். என் கையை ஒரு தட்டுத் தட்டினாய்.

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. உன் வீட்டில் நாலு தோசை சாப்பிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். தேவர்குளம் தாண்டும்போது விழிப்பு வந்தது. பஸ் இரைச்சல், சன்னல் காற்று. உடனே நீ சொன்ன கணக்குக் குரூப் காதில் விழுந்தது. பாழாய்ப் போகிறவள் அப்படியா கத்திச் சொல்வாள்? அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த தடவை நேரில் பார்த்துக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். போனில் பேசும்போதெல்லாம் ரத்தத்தில் உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்றே கேட்டு வைத்தேன். அடுத்த தடவை வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்தில் உன் வீட்டுக்காரர் வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "எது வேணும்னாலும் வரும் அவளுக்கு, பொய் மட்டும் வராது." எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் உனக்குப் பொய் வரும் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். கையில் மோர்த்தம்ளரோடு நான் நிற்க, என் கண் முன்னால், என்னைக் காப்பாற்ற நீ ஒரு தடவை சொன்னாய். உன் அப்பா சாகிற வரைக்கும் அதை நம்பினார். தை மாதம் என் கையைத் தட்டிக்கொண்டு சொன்னாயே, அது இரண்டாவது தடவையா? சொல்லட்டி, நான் இதை வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?